எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: எந்த பிராண்ட் நம்பகம்னு எதை வச்சு முடிவு பண்றது?

#1 தாராவி_ஸ்டுடியோ

எல்லாருக்கும் வணக்கம். மும்பை தாராவி 90 அடி ரோட்டுல கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டுடியோ நடத்துறேன். 4கே-ல எடுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஒரு கல்யாணம் 500 ஜிபிக்குக் குறையறதே இல்ல. வைகாசி, ஆவணி வந்தா டிஸ்க் வாங்கி மாளல. போன மாசம் ஒரு 2 டிபி டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டுட்டு நின்னுருச்சு. ஆல்பம் ஏற்கெனவே டெலிவரி ஆயிருந்துச்சு, தப்பிச்சோம்.

அது எந்தக் கம்பெனின்னு வேணும்னேதான் இங்க எழுதல. எழுதினா இழை முழுக்க அந்த ஒரு பேரைச் சுத்தியே ஓடும். லாமிங்டன் ரோட்ல (கம்ப்யூட்டர் கடைத் தெரு) கேட்டேன். ஒரு கடையில "அதை வாங்காதீங்க, இதை எடுங்க"ன்னாங்க. நாலு கடை தள்ளி அப்படியே தலைகீழா சொன்னாங்க. நெட்ல தேடினாலும் இதே கதைதான்.

எனக்கு வேண்டியது உங்க பிராண்ட் பேர் இல்ல. ஒரு கம்பெனி டிஸ்க்கை நம்பலாம்னு எதை ஆதாரமா வச்சு சொல்றீங்க? 4 டிபி ரெண்டு எடுக்கணும்.

#2 மாட்டுங்கா_வாசி

தம்பி, அனுபவத்தை விட என்ன ஆதாரம் வேணும்? என்கிட்ட ஒரே கம்பெனி டிஸ்க் 8 வருஷமா இருக்கு. பேத்தி பிறந்ததுல இருந்து எல்லா போட்டோவும் அதுலதான். ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. நல்ல கம்பெனி நல்லாத்தான் பண்ணும்.

#3 செம்பூர்_சர்வர்

முதல்ல "கம்பெனி"ன்னா யாருன்னு பார்த்துடலாம்.

சுழல்ற ஹார்ட் டிஸ்க்கைத் தயாரிக்கிறவங்க இன்னைக்கு உலகத்துல மூணே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மாக்ஸ்டர் 2006-ல சீகேட்டுக்குள்ள போச்சு. ஃபுஜிட்சுவோட டிஸ்க் பிரிவு 2009-ல தோஷிபாவுக்குப் போச்சு. சாம்சங்கோடது 2011-ல சீகேட்டுக்கு, ஹிட்டாச்சியோடது 2012-ல வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கு. டிசைனர்கள் விரும்பி வாங்கற லாசியும் சீகேட் கம்பெனிதான். டிரான்சென்ட், ஏடேட்டா மாதிரி பேர்ல வர்ற ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தா உள்ள இந்த மூணுல ஒண்ணுதான் இருக்கும். அவங்க தர்றது பெட்டி, ரப்பர் உறை, சின்னதா ஒரு போர்டு, வாரண்டி கார்டு.

அதனால கடையில பதினஞ்சு பிராண்ட் அடுக்கி வச்சிருந்தாலும் உங்க முன்னாடி இருக்கறது மூணுதான். அந்தப் பெட்டிக்காரங்க இந்த மாசம் ஒருத்தர்கிட்ட, அடுத்த மாசம் இன்னொருத்தர்கிட்ட டிஸ்க் வாங்கலாம். அதே மாடல், அதே அட்டைப்பெட்டி, உள்ள இருக்கறது வேற.

#4 செம்பூர்_சர்வர்

மாட்டுங்கா சார், உங்க 8 வருஷக் கணக்குக்கு வர்றேன். மரியாதையோட ஒரு கணக்கு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

வருஷத்துக்கு 100-ல 5 டிஸ்க் செத்துப்போற மோசமான கம்பெனி ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குங்க. அதுல ஒரு டிஸ்க் வாங்கினா 8 வருஷம் தாண்ட எவ்வளவு வாய்ப்பு? 0.95-ஐ எட்டு தடவை பெருக்குங்க: 66 சதவீதம். வருஷத்துக்கு 1.5 சதவீதம் சாகற நல்ல கம்பெனியில வாங்கினா 89 சதவீதம். அதாவது மோசமானதை வாங்கினவங்கள்லயும் மூணுல ரெண்டு பேர் உங்களை மாதிரியே "மக்கர் பண்ணினதில்ல"ன்னுதான் எழுதுவாங்க. ஒரு டிஸ்க்கை வச்சு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியாது.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். ஸ்டுடியோ அண்ணன்கிட்ட அந்த நல்ல கம்பெனி டிஸ்க்கே 10 இருக்குன்னு வைங்க, 5 வருஷம் ஓடுது. அதுல ஒண்ணாவது போறதுக்கு வாய்ப்பு 53 சதவீதம். போனதும் "இந்தக் கம்பெனியே மோசம்"னு எழுதத் தோணும். அவர் பேர் போடாம விட்டது ரொம்ப சரி.

#5 சயான்_நெல்லை

> ஒரு டிஸ்க்கை வச்சு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியாது

அப்போ லட்சக்கணக்குல வச்சிருக்கறவங்க சொன்னா ஏத்துக்கலாம்ல? பேக்பிளேஸ்னு அமெரிக்க கிளவுட் பேக்கப் கம்பெனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை எந்த மாடல் எத்தனை செத்துச்சுன்னு கணக்கு வெளியிடறாங்களே. அதுல நல்ல மார்க் வாங்கின பிராண்டை எடுத்துட்டுப் போக வேண்டியதுதான?

#6 செம்பூர்_சர்வர்

அந்தக் கணக்கை நானும் விடாம படிக்கிறேன். 2013-ல இருந்து டேட்டாவைப் பொதுவுல போடறாங்க, அதுக்காகவே அவங்களைக் கும்பிடணும். 2024-ல அவங்ககிட்ட இருந்த மொத்த டிஸ்க்கும் சேர்த்து வருஷ சாவு விகிதம் 1.57 சதவீதம். ஆனா அதுல இருந்து பிராண்டுக்கு மார்க் போட்டா தப்பாப் போயிடும். ஏன்னு சொல்றேன்.

2011 தாய்லாந்து வெள்ளத்துல டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. பேக்பிளேஸ் ஆளுங்க கடை கடையா போய் 3 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கா வாங்கி, பெட்டியை உடைச்சு உள்ள இருந்ததை எடுத்து சர்வர்ல மாட்டினாங்க. அந்தக் காலத்துல அவங்க நிறைய வச்சிருந்த மாடல்ல ஒண்ணு சீகேட் எஸ்டி3000டிஎம்001. 2014-ல அந்த மாடலோட சாவு விகிதம் 40 சதவீதத்துக்கு மேல. 2016-ல அமெரிக்காவுல வழக்கே போட்டாங்க. இதைப் படிச்சுட்டுதான் "சீகேட் பக்கமே போகாதீங்க"ன்னு இன்னைக்கும் எழுதறாங்க.

அதே 2014, அதே பேக்பிளேஸ், அதே சீகேட், 4 டிபி மாடல்: 3 சதவீதத்துக்குள்ள. வருஷக்கணக்கா அந்த 4 டிபியை நம்பித்தான் அவங்க பொழப்பே ஓடுச்சு. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ரெண்டு மாடலுக்கு நடுவுல இவ்வளவு தூரம். ஐபிஎம்முக்கும் 2000 வாக்குல டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி மாடல்ல இப்படி ஒரு அடி விழுந்துச்சு. கெட்டது மாடல்ல வருது, சில சமயம் ஒரு லாட்ல (ஒரே சமயத்துல தயாரான தொகுதியில) மட்டும் வருது. பிராண்ட் பேர் மேல பழி விழுது.

இன்னொண்ணு. பேக்பிளேஸ் ஓட்டறது பெரும்பாலும் 3.5 இஞ்ச் டிஸ்க், குளிர் அறையில, ஆடாம அசையாம, 24 மணி நேரமும். நீங்க வாங்கறது 2.5 இஞ்ச் போர்ட்டபிள், பையில போட்டு லோக்கல் டிரெயின்ல தூக்கிட்டுப் போறது. அந்தப் பட்டியல்ல உங்க டிஸ்க்குக்கு வரியே கிடையாது.

#7 சயான்_நெல்லை

அப்போ அட்டைப்பெட்டியில போட்டிருக்கற எம்டிபிஎஃப் (ரெண்டு பழுதுக்கு நடுவுல சராசரியா ஓடற நேரம்) 10 லட்சம் மணி நேரம்?

#8 செம்பூர்_சர்வர்

அது 114 வருஷம். எந்த டிஸ்க்கும் 114 வருஷம் ஓடாது, அவங்க சொல்றதும் அது இல்ல. ஆயிரக்கணக்குல டிஸ்க் ஓடும்போது வருஷத்துக்கு 0.88 சதவீதம் போகும்ங்கறதுதான் அர்த்தம். 2007-ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ரெண்டு பேரும் சுமார் 1 லட்சம் டிஸ்க்கோட பதிவை எடுத்துப் பார்த்தாங்க. நிஜத்துல 2-ல இருந்து 4 சதவீதம் சாதாரணமா போகுது, சில இடத்துல 13 வரைக்கும். அட்டைப்பெட்டி எண்ணை விட்டுடுங்க.

#9 லாமிங்டன்_ரிப்பேர்

லேட்டா வந்துட்டேன். கிராண்ட் ரோடு பக்கம் டேட்டா ரிகவரிதான் நம்ம தொழில். செத்துப்போன டிஸ்க்தான் என் மேசைக்கு வரும், அதனால எது அதிகம் சாகுதுன்னு நான் சொன்னா அது செல்லாது. எது அதிகம் விக்குதோ அதுதான் என்கிட்டயும் அதிகம் வரும். எப்படிச் சாகுதுன்னு சொல்ல முடியும். வாங்கும்போது அதைத்தான் பார்க்கணும்.

போர்ட்டபிள் டிஸ்க்ல முதல்ல ஆட்டம் காண்றது சாக்கெட். அந்தத் தட்டையான, அகலமான யூஎஸ்பி சாக்கெட் இருக்கே, போர்டுல நாலஞ்சு ஈயப் பொட்டுல ஒட்டி நிக்குது. லேப்டாப்ல இருந்து டிஸ்க்கைக் கேபிள்லயே தொங்க விடறது, பிளக்கைச் சாய்ச்சு இழுக்கறது, இதுல அந்தப் பொட்டு விட்டுப்போகும். தொட்டா வரும், விட்டா போயிடும். உள்ள டேட்டா இருக்கற தட்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

இங்கதான் மாடலுக்கு மாடல் வித்தியாசம். சில போர்ட்டபிள்ல உள்ள சாதாரண சாட்டா டிஸ்க் (கம்ப்யூட்டருக்குள்ள நேரா மாட்டற இணைப்பு உள்ளது) இருக்கும், மேல சின்னதா ஒரு போர்டு மாட்டியிருக்கும். சாக்கெட் போனா அந்தப் போர்டைக் கழட்டிட்டு டிஸ்க்கை நேரா கம்ப்யூட்டர்ல சொருகலாம், டேட்டா கையில. வேற பலதுல, குறிப்பா டபிள்யூடி மை பாஸ்போர்ட், தோஷிபா கேன்வியோ வரிசைகள்ல, யூஎஸ்பி சாக்கெட்டே டிஸ்க்கோட மெயின் போர்டுல இருக்கும். சாட்டாவே கிடையாது. மை பாஸ்போர்ட்ல பல மாடல் நீங்க பாஸ்வேர்டு போடலைன்னாலும் எழுதறதை என்கிரிப்ட் பண்ணித்தான் எழுதும். போர்டு கருகிடுச்சுன்னா வேலை ரெண்டு மடங்கு. இதே மாடல் இன்னொண்ணு வாங்கி போர்டை மாத்திடலாம்னு நிறைய பேர் வருவாங்க. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதுக்கே உரிய அளவுகள் போர்டுல இருக்கற ரோம் சிப்ல எழுதியிருக்கும், அதையும் பேத்தெடுத்து மாத்தினாத்தான் ஓடும்.

அதுக்காக இந்த வரிசை மோசம்னு நான் சொல்லல. ஒரு இணைப்பு குறையறதால கோளாறு வர்ற இடமும் ஒண்ணு குறையுது. ஆனா வந்தா மீட்கறது கஷ்டம். அடிக்கடி சாகுமாங்கறது ஒரு கேள்வி, செத்தா மீட்க முடியுமாங்கறது வேற கேள்வி. கடையில யாரும் ரெண்டாவதைக் கேக்கறதில்ல.

டிக் டிக் சத்தம் வந்ததுன்னு எழுதியிருக்கீங்க. அது ஹெட் (தட்டுல படிக்கற, எழுதற முனை) போயிருக்கலாம், கரண்ட் பத்தாமலும் இருக்கலாம். யூஎஸ்பி 2 போர்ட் தர்றது 500 மில்லி ஆம்ப், யூஎஸ்பி 3 போர்ட் 900. நீளக் கேபிள், விலை குறைஞ்ச ஹப், ரெண்டுமே டிஸ்க்கைப் பட்டினி போடும். குட்டையான ஒரிஜினல் கேபிள்ல, நேரா யூஎஸ்பி 3 போர்ட்ல ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க. அப்பவும் சத்தம் வந்தா உடனே எடுத்துடுங்க, திரும்பத் திரும்பப் போடாதீங்க. ஹெட் தட்டைக் கீறிடுச்சுன்னா அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.

#10 முலுண்ட்_எடிட்டர்

சாகாத டிஸ்க்கைச் செத்துச்சுன்னு சொல்றதும் நிறைய நடக்குது. ஸ்டுடியோ நடத்தறவங்களுக்காக ரெண்டு விஷயம்.

2.5 இஞ்ச்ல 2 டிபி, 4 டிபி எல்லாம் இப்ப பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறை. கூரை ஓடு மாதிரி ஒரு தடத்து மேல இன்னொரு தடம் ஏறி உக்காரும். முதல் கொஞ்ச நேரம் வேகமா எழுதும். நீங்க பழைய ஃபைலை அழிச்சு மேல மேல எழுதிக்கிட்டே இருந்தா செகண்டுக்கு 10 எம்பிக்கும் கீழ இறங்கும். டிஸ்க் போயிடுச்சுன்னு பயந்து தூக்கிப் போடறாங்க. அது கோளாறு இல்ல, அமைப்பே அப்படி. எடிட்டிங்குக்கு ஆகாது, ஒரு தடவை ஏத்தி அலமாரியில வைக்கறதுக்குப் பரவாயில்ல. 2020-ல வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசை டிஸ்க் சிலதுல எஸ்எம்ஆர்னு சொல்லாமலே வித்தது வெளியில வந்து பெரிய சண்டையாச்சு. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் பட்டியல் போட ஆரம்பிச்சாங்க.

ரெண்டாவது எக்ஸ்ஃபேட். மேக்லயும் விண்டோஸ்லயும் ஓடணும்னு எல்லாரும் அதுலதான் ஃபார்மேட் பண்றோம். அதுல ஜர்னல் (எழுதப்போறதை முன்கூட்டியே குறிச்சு வைக்கற பதிவு) கிடையாது. காப்பி ஓடும்போது கேபிளை உருவினா ஃபோல்டரே காணாமப் போகலாம். அந்தப் பழியும் பிராண்ட் மேலதான் போகுது.

#11 மாட்டுங்கா_வாசி

எல்லாரும் சொல்றதைப் பார்த்தா பிராண்டுக்கு மதிப்பே இல்லைன்னு ஆகுதே. வாரண்டி? பேர் இருக்கற கம்பெனிதான 3 வருஷம் தர்றான்?

#12 செம்பூர்_சர்வர்

வாரண்டி உண்டு சார், அது டிஸ்க்குக்கு. டேட்டாவுக்கு இல்ல. மாத்தித் தர்ற டிஸ்க்கும் பல நேரம் புதுசு இல்ல, சரிபண்ணி வந்ததுதான். சில மாடலோட டேட்டா மீட்பு சேவையும் சேர்த்துத் தர்றாங்க, அது இருந்தா எனக்குப் பெரிய ப்ளஸ். ஆனா கல்யாண வீட்டுக்காரங்க வந்து நிக்கும்போது 3 வருஷ வாரண்டி கார்டைக் காட்ட முடியாது.

பிராண்டுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒரு உபயோகம் இருக்கு. ரெண்டு டிஸ்க் வாங்கறார் இல்லையா, அது ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கக் கூடாது. ஒரே கடையில ஒரே நாள்ல ஒரே மாடல் ரெண்டு எடுத்தா ஒரே லாட்டா இருக்கும். லாட்ல குறைன்னா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல போகும். ஒண்ணு சீகேட், ஒண்ணு டபிள்யூடி இல்ல தோஷிபான்னு எடுத்தா, ஒரே குறை ரெண்டையும் தாக்காது. எது சிறந்ததுன்னு நம்மால கண்டுபிடிக்க முடியாது. ஆனா ரெண்டும் வேற வேறன்னு கண்டிப்பா தெரியும், அதைப் பயன்படுத்திக்கலாம்.

#13 தாராவி_ஸ்டுடியோ

இது நல்லாப் புரியுது. நடுவுல ஒரு அவசரம். நீங்க எல்லாம் சொன்னதுல பயந்து மிச்சம் இருக்கற டிஸ்க்கை எல்லாம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல (டிஸ்க்கோட நிலைமையைக் காட்டற சாஃப்ட்வேர்) போட்டேன். ஒண்ணுல மஞ்சள் கலர்ல எச்சரிக்கை வருது. 05 வரியில கடைசியா பி8, சி5 வரியில கடைசியா 10. மத்ததெல்லாம் நீலம். போன வாரம் கூட இதுல இருந்து வீடியோ எடுத்தேன், நல்லாத்தான் ஓடுச்சு. பத்துதானேன்னு விடலாமா?

#14 லாமிங்டன்_ரிப்பேர்

விடாதீங்க அண்ணே. முதல்ல, அது பத்து இல்ல. அந்த சாஃப்ட்வேர் எண்ணைப் பதினாறடிமானத்துல காட்டும். 10-ன்னா 16, பி8-ன்னா 184. செட்டிங்ல தசமத்துக்கு மாத்திக்கலாம்.

05-ங்கறது டிஸ்க் கைவிட்டுட்டு வேற இடத்துக்கு மாத்தின செக்டர், அதாவது டேட்டா எழுதற சின்னக் கட்டம். 184 இடம் ஏற்கெனவே போயாச்சு. சி5-ங்கறது இப்ப படிக்க முடியாம காத்திருக்கறது. 16 செக்டர்ல உங்க ஃபைல் இருந்தா அது இப்பவே சந்தேகம். போன வாரம் அந்த இடத்தைத் தொட்டிருக்க மாட்டீங்க, அதான் ஓடுச்சு.

இப்ப செய்ய வேண்டியது: டெலிவரி ஆகாத வேலையை முதல்ல காப்பி பண்ணுங்க, பெரிய ஃபோல்டரா இல்லாம ஒவ்வொரு கல்யாணமா. எங்கயாவது சிக்கினா அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போயிடுங்க. விண்டோஸோட செக்டிஸ்க் ஓட்டாதீங்க, அது சரிபண்றேன்னு எழுத ஆரம்பிக்கும். ஃபார்மேட் கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. லினக்ஸ் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தா டிடிரெஸ்க்யூங்கற மீட்பு சாஃப்ட்வேர்ல மொத்தமா இமேஜ் (டிஸ்க்கோட முழு நகல்) எடுக்கறது இன்னும் நல்லது. ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடலாம்னு நினைக்காம இன்னைக்கே உக்காந்து எடுங்க.

#15 செம்பூர்_சர்வர்

அவசரம்னு அண்ணன் சொல்றதுக்கு ஆதாரம் இருக்கு. கூகுள் 2007-ல 1 லட்சத்துக்கு மேல டிஸ்க்கை வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க. முதல் செக்டர் மாற்றம் வந்த டிஸ்க், அடுத்த 60 நாள்ல சாகறதுக்கு மத்ததை விட 14 மடங்கு வாய்ப்பு. ஸ்கேன்ல படிக்க முடியாத பிழை முதல் தடவையா வந்தா 39 மடங்கு.

அதே ஆய்வுல இன்னொரு கண்டுபிடிப்பு, இதுதான் எனக்குப் பயம். செத்த டிஸ்க்ல 36 சதவீதத்துக்கு மேல எந்த ஸ்மார்ட் (டிஸ்க் தன்னையே கவனிச்சு வைக்கற கணக்கு) எச்சரிக்கையும் காட்டாமலே செத்துச்சு. அதனால நீலமா இருக்கற டிஸ்க்கும் ஒரே காப்பியா இருக்கக் கூடாது.

#16 தாராவி_ஸ்டுடியோ

எடுத்தாச்சு. ஒரு வளைகாப்பு வீடியோவுல ரெண்டு கிளிப் மட்டும் படிக்கல. கேமரா கார்டை இன்னும் அழிக்காம வச்சிருந்தோம், அதுல இருந்து கிடைச்சிருச்சு. ரிப்பேர் அண்ணனுக்கு ரொம்ப நன்றி. இனி கடைக்குப் போகும்போது எதைப் பார்க்கணும்?

#17 லாமிங்டன்_ரிப்பேர்

ஜிஎஸ்டி பில் இல்லாம எடுக்காதீங்க, நூறு இருநூறு குறைச்சாலும். சீலை உடைக்கறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரைக் கம்பெனி சைட்ல போட்டு வாரண்டி எப்ப முடியுதுன்னு பாருங்க. வேற நாட்டு வாரண்டின்னு வந்தாலும், உதிரிபாகமா வித்ததுன்னு வந்தாலும், அங்கயே திருப்பிக் கொடுங்க.

பழைய லேப்டாப்ல கழட்டின டிஸ்க்கைப் புதுப் பெட்டியில போட்டு விக்கறவங்களும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் ஓடின மணி நேரம் பாருங்க, புதுசுன்னா ஒற்றை இலக்கத்துல இருக்கணும். அதுவும் முழு ஆதாரம் இல்ல. 2025 ஆரம்பத்துல ஐரோப்பாவுல சீகேட் எக்ஸோஸ் சர்வர் டிஸ்க், வருஷக்கணக்கா ஓடினதை, ஸ்மார்ட் கணக்கை அழிச்சு யாரோ சந்தைக்குள்ள புதுசுன்னு விட்டாங்க. சீகேட் டிஸ்க்குக்குள்ளயே ஃபார்ம்னு தனியா ஒரு பதிவு இருக்கு, அதுல பார்த்தப்பதான் மாட்டுச்சு. அதனால விக்கறவன் யாருங்கறது டிஸ்க் எதுங்கற அளவுக்கு முக்கியம்.

அப்புறம் எச்2டெஸ்ட்டபிள்யூங்கற சோதனை சாஃப்ட்வேர்ல முழுசா எழுதிப் படிச்சுப் பாருங்க. 4 டிபிக்கு 100 எம்பி வேகத்துல எழுதவே 11 மணி நேரம், படிக்க அதே அளவு. ஒரு நாள் போகும், போகட்டும். ரோட்டோரம் விக்கற 16 டிபி எஸ்எஸ்டி எல்லாம் இந்த டெஸ்ட்ல அம்பலமாகும். உள்ள ஒரு மெமரி கார்டுதான் இருக்கும்.

#18 சயான்_நெல்லை

பேசாம எஸ்எஸ்டிக்குப் போயிடலாமே? கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது.

#19 முலுண்ட்_எடிட்டர்

எடிட் பண்ண எஸ்எஸ்டிதான், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அலமாரியில வருஷக்கணக்கா கரண்ட் இல்லாம வைக்க அது சரிப்படாது. முழுசா தேஞ்ச சாதாரண எஸ்எஸ்டிக்குத் தொழில் தரம் கேக்கறதே 30 டிகிரியில 1 வருஷம் டேட்டா நிக்கணும்னுதான். புதுசுல அதிகம் நிக்கும், இருந்தாலும் நம்ம ஊர் மே மாசத்தை யோசிச்சுக்குங்க. பிராண்ட் பேரும் இங்க காப்பாத்தாது. 2023-ல சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ வரிசையில சில மாடல் திடீர்னு டேட்டாவை விழுங்கி, கம்பெனி ஃபர்ம்வேர் அப்டேட் விட வேண்டியதாச்சு. வெட்டிங் ஆளுங்க நிறைய பேர் கையில இருந்த எஸ்எஸ்டி அது.

#20 சயான்_நெல்லை

ஒண்ணு யாரும் சொல்லல. 2005 ஜூலை 26 அன்னைக்கு சான்டாக்ரூஸ்ல 944 மில்லிமீட்டர் கொட்டினது இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க பக்கம் கீழ்த்தளத்துக் கடை எல்லாம் இடுப்பளவு தண்ணி. ரெண்டு டிஸ்க்கும் ஸ்டுடியோவுல ஒரே டிராயர்ல இருந்தா, ரெண்டு கம்பெனியா இருந்து என்ன பிரயோஜனம்? ஒண்ணை வேற இடத்துல வைங்க. எங்க அண்ணாச்சி கடைக் கணக்கு ஒரு காப்பி அம்பாசமுத்திரத்துல வீட்டு பீரோவுல இருக்கு, கொடைக்கு ஊருக்குப் போகும்போது மாத்திட்டு வருவோம்.

#21 தாராவி_ஸ்டுடியோ

மாடி வீட்ல ஒண்ணு, ஸ்டுடியோவுல ஒண்ணுன்னு வச்சுட்டேன். 4 டிபி ரெண்டு, ரெண்டு வேற கம்பெனி, பில்லோட எடுத்தாச்சு. சீரியல் ரெண்டும் சரி. ஒண்ணு டெஸ்ட் சுத்தமா முடிஞ்சுது. இன்னொண்ணுல டெஸ்ட் பாஸ்தான், ஆனா சி7 வரி 0-ல இருந்து ஏறிக்கிட்டே இருக்கு. நெட்ல பார்த்தா கேபிளை மாத்துன்னு சொல்றாங்க. மாத்தியும் ஏறுது.

#22 லாமிங்டன்_ரிப்பேர்

கேபிளை மாத்துன்னு சொல்றது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற சாட்டா டிஸ்க்குக்கு. எக்ஸ்டர்னல்ல சி7 எண்ணறது டிஸ்க்குக்கும் பெட்டிக்குள்ள இருக்கற சின்ன போர்டுக்கும் நடுவுல வர்ற பிழையை. யூஎஸ்பி கேபிளை எத்தனை மாத்தினாலும் நிக்காது. உள்ள அந்தச் சொருகல் சரியா உக்காரல, இல்ல போர்டே சரியில்ல. தட்டு நல்லாத்தான் இருக்கு, அதான் டெஸ்ட் பாஸ் ஆச்சு.

பெட்டியைத் திறக்காதீங்க, வாரண்டி போயிடும். சி7 தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் ரெண்டு, ஒரு மணி நேர இடைவெளியில எடுத்துக்குங்க. பில்லோட கடைக்குக் கொண்டுபோய் மாத்திக் கேளுங்க. எந்தக் கல்யாணத்தையும் அதுல ஏத்தறதுக்கு முன்னாடி போயிடுங்க. ஏத்தியாச்சுன்னா அழிச்சுட்டுத்தான் கொடுக்கணும், வாடிக்கையாளர் படம் கடைக்காரர் கைக்குப் போகக் கூடாது.